தொண்ணூற்றெட்டா, எக்ஸ்பியா?

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது சிரிப்புக் கதையாகத்தான் பிறந்தது. பத்திரிகை மலர் ஒன்றுக்கு 'லைட்டா ஏதாவது' கேட்டிருந்தார்கள். நானும் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பர்மனென்ட் ஊழியரைப் பிடித்து, அவர் தலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கட்டி, அதற்கு எந்த ஓ.எஸ். (ஆபரேட்டிங் சிஸ்டம்) போடுவது என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் அலையவிட்டு, கடைசியில் அவர் மனைவி அதன்மேல் ஊறுகாய் ஜாடியை வைப்பதோடு முடித்துவிடலாம் என்றிருந்தேன். நாலு பக்கம். நடுவே கார்ட்டூனுக்கு இடம்.

இரண்டாம் பக்கத்தில் ஒருவர் இருமினார். நான் அவரைக் கதைக்குள் கூப்பிட்டிருக்கவில்லை. அடித்துவிட்டு மேலே போகப் பார்த்தேன். அவர் இருமிக்கொண்டே இருந்தார்.

2

கைவிட்ட தொடக்கங்கள், கிடந்தவாறே:

"நெய்வேலியின் நேர்நேரான சாலைகளில் மாலை வெயில் தன் மஞ்சள்" [வெயிலை வைத்துப் பக்கம் நிரப்பும் வயது தாண்டிவிட்டது.]

"குமரவேலுக்கு இரண்டு மனைவிகள். ஒருத்தி மலர்கொடி, இன்னொருத்தி பென்டியம்" [இதை எழுதியது நான்தான். மன்னிக்கவும்.]

"குமரவேல் ஒரு ஹார்ட் டிஸ்க்கை அழிக்கப் போனார்." இது நிற்கட்டும்.

3

குமரவேல் ஒரு ஹார்ட் டிஸ்க்கை அழிக்கப் போனார்.

ஐம்பத்தெட்டு வயது. கருவிகள் பிரிவில் மூத்த டெக்னீஷியன். பதினெட்டாம் பிளாக் குவார்ட்டர்ஸின் பின்கட்டு அறையில் பதினோரு பழைய கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கிறார். 'பழங்கணினிப் பேரவை' என்ற வாட்ஸ்அப் குழுவின் நிறுவனத் தலைவர். உறுப்பினர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேர் குழுவின் சத்தத்தை அடைத்துவைத்திருக்கிறார்கள், ஒருவர் அவருடைய இன்னொரு நம்பர். பழைய மெஷினுக்குப் புது ஓ.எஸ். போடுவதைப் பற்றி யாராவது பேசினால், கோயில் கோபுரத்துக்கு ஏஷியன் பெயின்ட் அடித்ததைப் பார்த்ததுபோல முகம் சுளிப்பார். ஒரே டிஸ்க்கில் இரண்டு ஓ.எஸ். வைப்பது அவர் அகராதியில் ஒழுக்கக்கேடு.

குள்ளஞ்சாவடி முக்கூட்டு ரோட்டில் உள்ள பழைய இரும்புக் கடையில்தான் ஒரு பென்டியம் த்ரீ கிடைத்தது. அதன் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டுத் தன் வரிசையில் வைப்பதாகத் திட்டம். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். காவலுக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தொடாத வயது, பார்வைக்கு எழுபது. பெயர் சடையப்பன். (இருமியவர் இவர்தான்.)

"அந்தப் பொட்டி மேல ஒரு ஸ்டிக்கர் இருக்குது பாருங்க சார். தொடைங்க."

குமரவேல் துடைத்தார். எப்போதோ மூடப்பட்ட ஒரு மூச்சுப் பரிசோதனை நிலையத்தின் பெயர் தெரிந்தது.

"இதுல தான் எங்கள ஊத வெச்சாங்க." சடையப்பன் நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார். "சாம்பக்கல்லு கம்பெனில சேர்றப்போ. ரெண்டாயிரத்து ரெண்டு. உள்ள எங்க மூச்சு இருக்கும் சார். பாத்து எடுங்க."

"மூச்சு இருக்காதுப்பா. டேட்டா இருக்கும்," என்று திருத்தினார் குமரவேல். திருத்தாமல் அவரால் ஒரு வாக்கியத்தைத் தாண்ட முடியாது.

"அதத்தான் நானும் சொல்றேன்."

[சாம்பல்கல் என்பது, கரி எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பலைக் குழைத்து அழுத்திச் செய்யும் செங்கல். சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று நிறையக் கட்டுரைகள் உண்டு. சாம்பல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிறவனைச் சுற்றியுள்ள சூழல் கட்டுரைகளில் வராது.]

4

சடையப்பன் சொன்ன விவரம் இது. பதினெட்டு வருடம் அந்த ஆலையில் சாம்பல் கொட்டினார். இப்போது நுரையீரல் கல்லாகிவிட்டது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நோய் வேலையால் வந்தது என்று கடலூரில் ஒரு மருத்துவக் குழு ஒத்துக்கொண்டால் ஆலை முதலாளி அதைக் கொடுத்தாக வேண்டும். முதலாளி தரப்பு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டது: இவர்கள் சேரும்போதே மூச்சு சரியில்லாதவர்கள். சேரும்போது எடுத்த டெஸ்ட் கார்டுகள் எங்கே என்றால், மழைத் தண்ணீர் புகுந்து போய்விட்டதாம்.

அதே குழுவின் முன் இன்னொரு மனுவும் இருந்தது. சடையப்பனோடு சாம்பல் கொட்டி, ஏழு வருடம் முன்பு இறந்துபோன அய்யனாரின் மனைவி மாரியம்மாள் நஷ்டஈடு கேட்டுப் போட்டது. ஆலைக் காகிதத்தில் அய்யனார் குடித்துச் செத்ததாக எழுதியிருந்தது.

குமரவேலுக்கு அன்று நெஞ்சு நிமிர்ந்தது. நாற்பது வருடமாகப் பழைய சாமான்களைப் பொறுக்கியதற்கு வரலாறு அவரைக் கடைசியில் கூப்பிட்டுவிட்டது. டெஸ்ட் விவரம் இந்த மெஷினில் இருக்கிறது என்று மருத்துவக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். பிரிண்ட் யார் வேண்டுமானாலும் அடித்துக்கொண்டு வரலாம், மெஷினையே கொண்டுவந்து எங்கள் கண்ணெதிரே திறந்து காட்டுங்கள் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை லேமினேஷன் செய்தார்.

அதற்குள் பழைய டிஸ்க் கெட்டுப்போய் இழுக்க ஆரம்பித்திருந்தது. டேட்டாவை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றி, அதில் ஒரு ஓ.எஸ். போட வேண்டும். அங்கேதான் கேள்வி வந்தது. விண்டோஸ் தொண்ணூற்றெட்டு போட்டால் அந்தக் காலத்துக்குச் சரியானது. ஆனால் பென்டிரைவ் அதன் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்பி வசதி, ஆனால் மெஷினுக்குப் பிந்தியது. பேரவையில் வாக்கெடுப்பு வைத்தார். ஒரு ஓட்டு விழுந்தது. அதுவும் இன்னொரு நம்பரிலிருந்து.

(என் சிரிப்புக் கதையில் மிச்சமானது இவ்வளவுதான்.)

5

அவசரத்துக்கு எக்ஸ்பி போட்டார். ஊதும் ப்ரோகிராம் திறந்தது. பழைய டாஸ் ப்ரோகிராம் என்பதால் எக்ஸ்பியில் படம் வர வேண்டிய திரை இருட்டாக நின்றது. பட்டியல் மட்டும் வந்தது: பெயர், எத்தனை லிட்டர் மூச்சு, முடிவு.

அய்யனார், 4.1, நன்று.

சடையப்பன், 2.6, குறைவு.

சடையப்பனையும் மாரியம்மாளையும் வீட்டுக்கு வரச்சொல்லிப் படித்துக்காட்டினார். மாரியம்மாள் திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். "பாத்தீங்களா. என் வூட்டுக்காரரு நல்லாத்தான் போனாரு. சாராயத்த மோந்துகூடப் பாக்காத மனுசன்."

சடையப்பன் நாற்காலியைத் திரையிலிருந்து சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"மெஷின் பொய் சொல்லாதுப்பா," என்றார் குமரவேல், ஆறுதல்போல. "உனக்கு அப்பவே கொஞ்சம் கம்மிதான் போல."

அவர் அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். நான்கூட அவரை நிறுத்திப் பார்த்தேன். ஒரு பத்தி முழுக்க அவருக்குக் காய்ச்சல் கொடுத்துப் படுக்கவைத்தேன். [அந்தப் பத்தி குப்பையில்.] ஆனால் பிந்தைய ஓ.எஸ். ஏறிய பழைய மெஷின் பின்கட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குத் தூக்கம் எப்படி வரும்? இன்னொரு டிஸ்க் எடுத்தார். தொண்ணூற்றெட்டு போட்டார், சுத்தமாக, முறையாக. டாஸ் என்னும் கறுப்புத் திரைக்கு இறங்கி ப்ரோகிராமை ஓடவிட்டார்.

படங்கள் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று ஊதல், மலைபோல ஏறி இறங்கும் மூன்று கோடுகள், பக்கத்தில் மணி. முதல் பெயர் அய்யனார், 10.42. பிறகு வேறு மூன்று பெயர்கள். கடைசியில் சடையப்பன், 11.03. ஐந்து பேர், பதினைந்து ஊதல், இருபத்தொரு நிமிஷம். ஒவ்வொரு மலையும் முந்தியதைவிடக் குட்டை. ஒவ்வொன்றின் இறக்கத்திலும் ஒரே இடத்தில் ஒரே சின்னப் பள்ளம்.

கருவிகள் வரையும் கோடுகளைப் படித்தே சம்பளம் வாங்கும் மனிதர் அவர். ஒரு ஆளின் கையெழுத்தை ஐந்து செக்கில் பார்த்த பேங்க் மேனேஜர்போல உட்கார்ந்திருந்தார்.

6

"ஏம்பா சடையப்பா. அஞ்சு பேரும் ஒரே ஆளா?" என்று மறுநாள் அவரை மட்டும் வரச்சொல்லிக் கேட்டார் குமரவேல்.

"நாந்தான் சார்."

சொல்ல நேரம் பிடித்தது. நான் அவர் மூச்சு வாங்கிய இடங்களை எடுத்துவிட்டுத் தருகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பக்கம் போதாது.

"நான் கபடி ஆடிகினு இருந்தவன். பாடிகினு போனன்னா தொட்டுட்டு வர வரைக்கும் வுடமாட்டேன். அய்யனாருக்குச் சின்னதுலயே டி.பி. வந்து ஆறிச்சி. ஊதுனா தள்ளிடுவாங்க. மத்தவனுங்களுக்கும் பயம். சடையா, நீ ஊதுடான்னானுங்க. டெஸ்டு எடுக்க வந்தவரு பேரத்தான் கேட்டாரு, மூஞ்சப் பாக்கல. கேட்டு பாஸ் நம்பர் வரிசையில என்னுது கடைசி. என் பேரக் கூப்ட்டப்போ கண்ணு இருட்டிகினு வந்துது."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா அந்தம்மா கேஸு என்னாவறது." பெட்டியின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "சொல்லலன்னா என் கேஸு என்னாவறதுன்னும் நெனச்சிகினுதான் இருந்தேன்."

வாசகர் குழம்பக் கூடாது என்பதற்காக நானே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பி டிஸ்க்கைக் கடலூருக்குக் கொண்டுபோனால் பட்டியல் மட்டும் தெரியும். அய்யனார் நல்ல மூச்சோடு சேர்ந்தவர் ஆவார், மாரியம்மாள் ஜெயிப்பார், சடையப்பன் நோயோடு சேர்ந்தவர் ஆவார். தொண்ணூற்றெட்டைக் கொண்டுபோனால் கோடுகளும் மணியும் தெரியும். சடையப்பனின் மூச்சு எவ்வளவு பெரியது என்று குழு பார்க்கும்; அய்யனார் ஊதவே இல்லை என்றும் பார்க்கும். இரண்டு பேரையும் தின்றது ஒரே சாம்பல்தான். ஆனால் டிஸ்க்குக்கு ஒருவர்தான் பிழைக்க முடியும்.

[இரண்டு டிஸ்க்கையும் காட்டலாமே என்று கேட்பவருக்கு: இரண்டைக் காட்டுவதும் தொண்ணூற்றெட்டைக் காட்டுவதும் ஒன்றுதான்.]

7

மாரியம்மாளை இந்த இடத்தில் அழவைத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது அழுதது நான் என்று தெரிந்தது. மாற்றி எழுதுகிறேன்.

அவர் மறுபடி வந்தபோது குமரவேலின் மனைவி மலர்கொடி டீ கொண்டுவந்தார். குமரவேலுக்கும் சடையப்பனுக்கும் எவர்சில்வர் டம்ளர். மாரியம்மாளுக்குப் பேப்பர் கப். (பேப்பர் கப்பை நான் வைக்கவில்லை. மலர்கொடி வைத்தார். கேட்டால், யூஸ் அண்ட் த்ரோதான் சுத்தம் என்பார்.)

குமரவேல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மாரியம்மாள் கப்பைத் தரையில் வைத்தார்.

"டீக்கு ரெண்டு தினுசு. மூச்சு மட்டும் ஒண்ணேதானாக்கும்."

மலர்கொடி உள்ளே போய்விட்டார்.

"எனக்குத் தெரியும்ணா," என்றார் சடையப்பனிடம். "அவரு சொல்லியிருக்காரு. சடையன் ஊதலன்னா எனக்கு வேலையே கெடையாதுன்னு. அந்த வேலதான கொன்னுச்சின்னும் நெனப்பேன். அதுக்குன்னு உங்கள வைய முடியுமா."

"வையேன்," என்றார் சடையப்பன். "ஒண்ணும் பண்ணாது."

"வைஞ்சா பதிலுக்கு வைய உங்களுக்கு மூச்சு ஏது. அது ஒரு சண்டையா."

சடையப்பன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. மாரியம்மாள் அவர் முதுகை நீவிவிட்டார்.

"முட்டி ரெண்டும் போச்சிண்ணா. இனிமே களையெடுக்கக் குந்த முடியாது. அந்தக் காயிதம் வந்தாத்தான் எனக்குச் சோறு. வேணாம்னு எப்பிடிச் சொல்றது."

"எனக்கு சாவப் பயமா இருக்குது மாரியம்மா. படுத்தா மூச்சு நின்னுடுது. குந்திகினே தூங்கறேன்."

இரண்டு பேரும் குமரவேலைப் பார்த்தார்கள். எந்த மேடையிலும் பேசக் கூச்சப்படாத அந்த மனிதர், அவசரமாக ஏதோ கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: கடலூர் போகும் வழியில் குலுங்கி இரண்டு டிஸ்க்கும் கெட்டுவிடுகின்றன. விதி. [டிஸ்க் கெடுவது விதிக்கு அல்ல, எழுத்தாளனுக்கு வசதி. வெட்டியாயிற்று.]

இரண்டாம் முடிவு: குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சட்டத்துக்கும் இதயம் உண்டு" என்று இருவருக்கும் கையெழுத்துப் போடுகிறார். [எழுதும்போது நானே சிரித்துவிட்டேன். இந்தக் கதையில் எனக்கு வந்த கடைசிச் சிரிப்பு.]

மூன்றாம் முடிவு: சடையப்பன், "எக்ஸ்பியே போடுங்க சார்" என்கிறார். இதுதான் அபாயமானது. நன்றாக இருக்கிறது. பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும், உங்களுக்கும் தொண்டை அடைக்கும். நுரையீரல் கல்லானவரைத் தியாகியாக்கிவிட்டு நாம் எல்லோரும் நிம்மதியாகப் போய்ச் சாப்பிடலாம். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்றுதான் சொன்னார். நீங்களும் கேட்டீர்கள்.

நாலாவதாக ஒன்று தொடங்கினேன்: "குமரவேல் இரவெல்லாம் யோசித்து, கடைசியில் நியாயத்தின்" [நியாயம் என்ற சொல் வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.]

9

ஆக, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கடலூர். மருத்துவக் குழுவின் அறை. குமரவேல் பென்டியம் த்ரீயை மேசைமேல் வைத்து, மானிட்டரை மாட்டி, பக்கவாட்டு மூடியைக் கழற்றிவைத்திருக்கிறார். கம்ப்யூட்டரின் வரலாற்றைப் பற்றி இரண்டு பக்கம் தயாரித்து வந்திருந்தார். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. பையில் இரண்டு டிஸ்க்குகள், இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே சைஸ். ஒன்றில் மட்டும் கேபிள் செருக வேண்டும்.

சுவரோரம் பத்து நாற்காலிகள். ஒரு கோடியில் மாரியம்மாள், மறுகோடியில் சடையப்பன். சண்டை இல்லை.

"எந்த சிஸ்டம்ல ஓடும் இது?" என்று குழுவில் ஒருவர் கேட்கிறார், கைபேசியைப் பார்த்துக்கொண்டே.

குமரவேல் கையைப் பைக்குள் விடுகிறார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

அந்தக் கை எனக்குப் பழக்கமில்லை. ஓ.எஸ். பற்றிய தர்க்கங்களை எல்லாம் அவருக்குக் கொடுத்தேன். இதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை, என்னிடமும் இல்லை. நாலு பக்கச் சிரிப்புக் கதைக்கு ஒத்துக்கொண்டவன் நான். ஒரு ஆளை மூழ்கவிட்டு ஒரு ஆளைத் தூக்க எனக்கு யாரும் பாஸ் தரவில்லை. உங்களுக்கும் தரவில்லைதான். ஆனால் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள்.

மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "சடையப்பன்" என்று கூப்பிடுகிறது.

அவர் எழுந்துகொள்கிறார். நாற்காலியிலிருந்து மேசைக்குப் பதினாலு எட்டு வைக்க வேண்டும். நடுவில் இரண்டு முறை நின்று, சுவரைப் பிடித்து, மூச்சு வாங்குவார். அதுவரை உங்களுக்கு நேரம் இருக்கிறது.