கேட்டில் தொங்கிய ஒரு பிடி அரிசி

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நான் இந்த வீட்ல பயமில்லாம இருக்கிற மாதிரி எதையாவது பண்ணுங்க. இல்லன்னா ரெத்னோகிட்டச் சொல்லி ஊருக்கு டிக்கெட் போட்டுடுவேன். நீங்க உங்க பாய்லரோட குடித்தனம் பண்ணிக்குங்க."

சுவர்னி இதைக் கத்திச் சொல்லியிருந்தால் ஹர்தோயோ அசைந்திருக்க மாட்டார். முப்பத்தோரு வருஷமாக அவள் கத்தலைக் கேட்டுக் கேட்டு அவர் காது மரத்துப்போயிருந்தது. ஆனால் அவள் காராமணிக்காய் நறுக்கிக்கொண்டே, உப்பு வாங்கி வரச் சொல்லும் குரலில் சொன்னாள். அதுதான் அவரை நிமிர்ந்து பார்க்க வைத்தது. ரெத்னோ அவர்களுடைய ஒரே மகள், இந்தோனேசியாவில் சுரபாயா நகரில் இருக்கிறாள். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த நிமிஷம் டிக்கெட் வந்துவிடும்.

நடந்தது இதுதான். முந்தின சனிக்கிழமை காலையில் இருவரும் சந்தைக்குப் போய் மீன் வாங்கித் திரும்பினால், சமையலறை ஜன்னல் கம்பி வளைந்து கிடக்கிறது. கேஸ் சிலிண்டர் இல்லை. மின்விசிறி இல்லை. சோறு பொங்குகிற மின்பானை இல்லை. அதெல்லாம் தொலையட்டும், கடையில் கிடைக்கும். சுவர்னியின் அம்மா உடுத்திய மெழுகுச் சாயம் தோய்த்த மூன்று பத்திக் துணிகளையும் அல்லவா எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள் கட்டையில் போகிறவர்கள்! அதன் அருமை அவர்களுக்கு என்ன தெரியும்? சிலிண்டரைச் சுற்றித் தூக்க எடுத்திருப்பார்கள், வேறென்ன.

ஜாவாவில், கிளாத்தேன் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவர் ஹர்தோயோ. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து நாலு மாசம் ஆனதும் பைத்தியம் பிடிக்காத குறை. லாவோஸில் ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து கூப்பிட்டபோது, பிள்ளைபோல் குதித்துக்கொண்டு கிளம்பினார். இப்போது சவன்னக்கேத்தில் ரெண்டு வருஷம். ஆள் உயர மதில், நீல இரும்புக் கேட், கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு. வந்த அன்றைக்கே ஆலை மேலாளர் சொல்லிவிட்டார், "வெளிநாட்டுக்காரங்கன்னு தெரிஞ்சா கண்ணு வைப்பாங்க. கேட்டை எப்பவும் பூட்டியே வைங்க." அன்று பூட்டியதுதான்.

திருட்டுக்குப் பிறகு ஆலையில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருத்தர் நாய் வளர்க்கச் சொன்னார். தொழுகிற வீட்டில் நாயா என்று சுவர்னி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். இன்னொருத்தர் காவலாள் வைக்கச் சொன்னார். "அவனை யாரு காவல் காக்கிறது? நானா?" என்றாள். ஜன்னலுக்கெல்லாம் கனமான கிராதி போடலாம் என்று ஹர்தோயோ அளவு எடுக்க ஆரம்பித்தபோது, பின்னாலேயே வந்து நின்றாள்.

"திருடன் வெளியில சுத்துவான், நான் உள்ள ஜெயில்ல இருக்கணும். நல்லா இருக்கே உங்க நியாயம்."

"அப்ப என்னதான் பண்றது? நீயே சொல்லு தாயே."

"எனக்குத் தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் கேக்கிறேன்?"

கடைசியில் கேமரா என்று முடிவாயிற்று. கேட்டுக்கு மேலே ஒன்று, சமையலறைப் பக்கம் ஒன்று. எவனாவது சுவரில் கை வைத்தால் ஊளையிடுகிற மணி வேறு. மாட்ட வந்த பையன் ஹர்தோயோவின் கைபேசியில் வீட்டைக் காட்டியபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆலையில் பாய்லர் முன்னால் நின்றுகொண்டே வீட்டு வாசலைப் பார்க்கலாம்! சுவர்னி கைபேசியை வாங்கிப் பார்த்தாள். அதில் காலியான வாசலும், காலியான தெருவும் தெரிந்தன.

"இது பார்க்கும், சரி. பார்த்துட்டு, என்னம்மா ஆச்சுன்னு யாரு வந்து கேப்பா?"

ஹர்தோயோ கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவள் எதை நினைத்துக்கொண்டு கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்கும் ஒரு வாரமாக அதே நினைப்புத்தான்.

கிளாத்தேனில் அவர்கள் சந்தில் நாற்பத்திரண்டு வீடு. பூட்டு யார் வீட்டிலும் உருப்படியாக இருந்ததில்லை. முறை வைத்து ராக்காவல். ஹர்தோயோவுக்குச் செவ்வாய்க்கிழமை. மூங்கில் குடிசையில் ஐந்தாறு ஆம்பிளைகள், அவித்த நிலக்கடலை, பாகாக இனிக்கிற காப்பி, ஊர் வம்பு. மூங்கில் மணியைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தகரக் குவளை தொங்கும். அதில் வீட்டுக்காரி ஒரு பிடி அரிசி போட்டு வைத்திருப்பாள். காவல்காரர்கள் அதைப் பையில் கொட்டிக்கொண்டு போவார்கள். யார் வீட்டுச் சாவுக்கோ, தெருவிளக்குக்கோ அது உதவும். ஒரு தடவை சுவரேறிக் குதித்தவனை அமுக்கிப் பிடித்துப் பார்த்தால், சந்துத் தலைவரேதான்! நேரம் கழித்து வந்தால் பெண்டாட்டி கதவைத் திறக்க மாட்டாளாம். அந்தச் சிரிப்பு ஒரு வருஷம் ஓடியது.

ஆனால் சுவர்னிக்கு வேறொரு நாள்தான் நினைவு. கல்யாணமான புதிது. கரும்பு அரைக்கிற பருவம், ஹர்தோயோ ஆலையிலேயே கிடக்கிறார். அவள் காய்ச்சலில் நினைவு தப்பிப் படுத்திருக்கிறாள். குவளையில் அரிசி இல்லை என்று பார்த்தவர்கள் கதவைத் தட்டினார்கள், தட்டினார்கள், கடைசியில் தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டார்கள். "ஒரு பிடி அரிசி போடலன்னதும் என்னைத் தேடி வந்தாங்க. என்னை!" என்று இன்றைக்கும் சொல்வாள். சொல்லும்போது கண் கலங்கிவிடும்.

கேமரா மாட்டிய நாலாம் நாள், அவர் ஆலையிலிருந்து வந்தபோது கேட்டின் வெளிப்பக்கம் ஒரு பால்மாவு டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பிடி அரிசி.

"என்ன இது?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"இங்க யாரு வந்து எடுக்கப் போறா, பைத்தியக்காரி?"

"தெரியும். இருக்கட்டும். நீங்க உங்க கேமராவைப் பாருங்க, நான் என் டப்பாவைப் பார்க்கிறேன்."

மறுநாள் காலை டப்பா காலி. சுவர்னி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் அப்படியே நின்றாள். அன்றைக்கு ரொம்ப நாளுக்கப்புறம் சமையல்கட்டில் பாட்டுக் கேட்டது. மறுபடி அரிசி போட்டாள், மறுபடி காலி. இப்படியே ரெண்டு வாரம். குருவி தின்கிறது என்று ஹர்தோயோ சொல்லிப் பார்த்தார். குருவி ஒரு மணி மிச்சமில்லாமல் துடைத்துவிட்டா போகும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க மட்டும் அவள் சம்மதிக்கவே இல்லை. தெரிந்துவிட்டால் போய்விடுமோ என்று பயந்தாள் போல. ஊருக்குப் போகிற பேச்சும் நிற்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ரெத்னோ அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே டிக்கெட் போட்டு வைத்திருந்தாள். பெட்டி கட்டிலடியிலிருந்து கட்டில்மேலே வந்துவிட்டது.

கெடுவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. ஹர்தோயோ பொறுக்க மாட்டாமல் கைபேசியை எடுத்து விடிகாலைப் படத்தைப் பார்த்தார். பார்த்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"பிடிச்சுட்டேன்! பக்கத்து வீட்டுக்காரி! பையோட வந்து கொட்டிக்கிட்டுப் போறா! அரிசி திருடுறவ சிலிண்டரைத் திருட மாட்டாளா?"

சுவர்னியின் முகம் சுருங்கிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இவர் கைபேசியைச் சாட்சிபோலப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

பக்கத்து வீட்டுக்காரி பெயர் சந்தலா என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐம்பது வயசிருக்கும், மரத்தடியில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். சந்தையில் கற்ற அரைகுறை லாவோ பேச்சில் ஹர்தோயோ படபடவென்று ஆரம்பித்தார். அவள் முழுசாகக் கேட்டாள், கைபேசியில் தன் படத்தையும் பார்த்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஐயோ அண்ணே, நானா திருடி? அக்கா, விடிகாலையில பிச்சைக்கு வர்ற பிக்குகளுக்குத்தானே அரிசி வச்சீங்க? முதல் நாள் பார்த்தேன். டப்பா பாட்டுக்குத் தொங்குது, பிக்குகள் பாட்டுக்குப் போறாங்க. அவங்க, நாம கையால கொடுத்தாத்தான் வாங்குவாங்க. பாவம், வெளிநாட்டுக்காரங்க, முறை தெரியல, புண்ணியம் வீணாப் போகக் கூடாதுன்னு தினம் எடுத்துச் சேர்த்து வச்சேன். பௌர்ணமிக்கு உங்க பேர்ல விகாரையில கொடுத்தேன். உங்க பேர் தெரியாதா, நீல கேட்டு வீட்டு அக்கான்னு சொல்லிக் கொடுத்தேன்."

ஹர்தோயோ கைபேசியைத் தாழ்த்தினார். ஐந்து வேளை தொழுகிற குடும்பம் ரெண்டு வாரமாகப் புத்த விகாரைக்கு அரிசி அளந்திருக்கிறது! கிளாத்தேனில் தெரிந்தால் மானம் போய்விடும். சுவர்னி அவரைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள், முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். சந்தலாவும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டாள்.

"பசிச்சவங்க சாப்பிட்டாங்க, விடுங்க," என்றாள் சுவர்னி கண்ணைத் துடைத்தபடி. பிறகு சந்தலாவிடம் திரும்பி, எங்கள் வீட்டில் திருட்டுப் போயிற்று, அதனால்தான் இவர் இப்படிக் குதிக்கிறார், தப்பாக நினைக்காதே என்று சொன்னாள்.

சந்தலாவின் கை மிளகாயில் நின்றுவிட்டது.

"எப்போ?"

"போன மாசம். சனிக்கிழமை காலையில."

"ஒரு பச்சை வண்டியா? ரெண்டு பேரா?" அவள் குரல் இறங்கிப்போயிற்று. "அக்கா, நான் பார்த்தேன். இதே மரத்தடியில உக்காந்திருந்தேன். சிலிண்டரை ஏத்தினாங்க, துணி மூட்டையை ஏத்தினாங்க. ஒருத்தன் என்னைப் பார்த்துச் சிரிச்சான். நானும் சிரிச்சேன்."

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமேம்மா," என்றார் ஹர்தோயோ.

"எப்படிண்ணே போடுவேன்? ரெண்டு வருஷமா உங்க வீட்டுக்கு யாரு வருவா, யாரு போவான்னு எனக்குத் தெரியாது. உங்க ஆளுங்கன்னு நினைச்சேன். உங்க ஆளு யாருன்னு தெரிஞ்சிருந்தா தெருவையே கூட்டியிருப்பேன்."

ஹர்தோயோவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கிளாத்தேனில் புதுக் குடித்தனம் வந்தால் ஒரு நாளைக்குள் தலைவர் வீட்டில் பெயர் கொடுத்துவிட்டு, பலகாரத் தட்டோடு சந்து முழுக்கப் போய்த் தலைகாட்ட வேண்டும். காட்டாத ஒருத்தனை இவரே மூங்கில் குடிசைக்குக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்திருக்கிறார். 'நீ யாருன்னு தெரியாம உன்னை நாங்க எப்படிப்பா காவல் காக்கிறது?' அப்படிக் கேட்ட மகராசன்தான் ரெண்டு வருஷமாகப் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது.

சுவர்னி அழுதுவிட்டாள். போன துணிகளுக்காக இருக்கலாம், திருடனும் சந்தலாவும் சிரித்துக்கொண்ட அந்தச் சிரிப்புக்காகவும் இருக்கலாம். சந்தலா எழுந்து வந்து மிளகாய்க் கையை இடுப்பில் சுற்றியிருந்த பாவாடையில் துடைத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சுவர்னி சமையலறைக்குள் போய்விட்டாள். எண்ணெய்ச் சட்டி காய்கிற சத்தம் கேட்டது. ஹர்தோயோ கட்டில்மேல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆலையிலிருந்து தனியாக வந்து தனியாகச் சாப்பிடப்போகிற நாட்களை நினைத்துப் பார்த்தார். மனசு வெறிச்சென்று இருந்தது. வழிக்குத்தான் பலகாரம் செய்கிறாள் என்று நினைத்தார்.

நாலு மணிக்கு அவள் வந்து நின்றாள். கையில் தட்டு, தட்டு நிறைய மரவள்ளி வடை, வாழை இலை போட்டு மூடியிருந்தது. உள்ளே இன்னும் நாலு தட்டு.

"எழுந்திருங்க. நல்ல சட்டையா ஒண்ணு போடுங்க."

"எதுக்கு?"

"பேர் கொடுக்க. ரெண்டு வருஷம் தாமதம், போய் நின்னு திட்டு வாங்குவோம்."

முதல் வீட்டில் பல் இல்லாத ஒரு தாத்தா கேட்டைத் திறந்தார். ஹர்தோயோ குனிந்து, தன் பெயரைச் சொன்னார், மனைவி பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். எங்களைத் தேடி வருகிறவர்கள் இந்த ஊரில் யாருமில்லை, வண்டியோடு யார் வந்தாலும் திருடன்தான், தயவுசெய்து கத்துங்கள் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. தாத்தா வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே எனக்குக் கத்த நன்றாக வரும் என்றார். ரெண்டாவது வீட்டில் தட்டை வெறுமே திருப்பித் தரவில்லை, மாங்காய் வைத்தார்கள். ஐந்தாவது வீட்டை விட்டு வெளியே வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது, வடையும் தீர்ந்துவிட்டது.

ஹர்தோயோ தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாளைக்கு... எத்தனை மணிக்கு விமானம்?"

சுவர்னி மாங்காயைத் துணியில் முடிந்துகொண்டே நடந்தாள்.

"நாளைக்கு எப்படிங்க போறது? இன்னும் ஆறு வீடு பாக்கி இருக்கே. மரவள்ளி வேற வாங்கணும்."