இரண்டு இல்லை

கரண்ட் பார்க்கும் டெஸ்டரைத் தேடி அலமாரியைக் குடைந்தபோதுதான் அந்த நோட்டு கையில் சிக்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை. பால்கனியில் மனைவி துணி உதறும் சத்தம். வாரம் முழுக்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை உதறுகிறவள், லீவு நாளிலும் உதறுகிறாள்.

அது அவளுடைய இங்கிலீஷ் வகுப்பு நோட்டு. முதல் பக்கத்தில் கட்டம் கட்டமாக ஒரு படம். லிஃப்ட் மெக்கானிக்கான என் கண்ணுக்கு அடுக்குமாடிக் கட்டடமாகத்தான் தெரிந்தது. உச்சியில் ஆல்வேஸ், நூறு சதவீதம். அதற்குக் கீழே யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி. தரைத்தளத்தில் நெவர், பூஜ்யம். அசந்துவிட்டேன். மனுஷன் எதை எத்தனை தடவை செய்கிறான் என்பதைக்கூட அளந்து மாடி மாடியாக அடுக்கிவிட்டார்களே! எங்கள் வீட்டில் எல்லா மாடிக்கும் சேர்த்து 'எப்பப் பாத்தாலும்' என்ற ஒரே சொல்தான். அதுவும் சண்டைக்கு மட்டும்.

பக்கத்தைத் திருப்பினேன். 'ஐ ஆல்வேஸ் கெட் அப் அட் ஃபைவ்.' சரிதான். 'ஐ ஆம் யூஷுவலி டயர்ட்.' இந்தச் சொற்கள் வினைக்கு முன்னால் நிற்கும், 'ஆம்' வந்தால் அதற்குப் பின்னால் போய்விடும் என்று ஓரத்தில் குறித்திருந்தாள். பெரும்பாலும் களைப்பாக இருக்கிறேன் என்பதைப் பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னிடம் சொன்னதில்லை. எவ்வளவு சின்னச் சொல், எவ்வளவு பெரிய விஷயத்தை அலட்டாமல் சொல்லிவிட்டுப் போகிறது!

அடுத்தது நான். 'மை ஹஸ்பண்ட் நெவர் டஸ் நாட் லிசன் டு மீ.'

நான் அவள் பேச்சைக் கேட்பதே இல்லையாம். சுருக்கென்றது. வேறு ஊரில் புது ஆஸ்பத்திரி திறக்கிறார்கள், சலவைக்கூடத்துக்கு அவளை மேற்பார்வையாளராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்காகத்தான் இந்த வகுப்பே. போவதா வேண்டாமா என்று நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று வாரமாகப் பேச்சை எடுக்கிறாள். நான் 'பாக்கலாம்' என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகுவேன். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில் டீச்சர் பெரிதாக டிக் போட்டு, 'யூ ஆர் லக்கி!' என்று எழுதியிருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. நோட்டோடு பால்கனிக்குப் போனேன்.

"இது என்ன?"

தலையணை உறையோடு திரும்பியவள் வரியைப் பார்த்ததும் முகம் சிவந்தாள்.

"தப்பா எழுதிட்டேங்க. நெவருக்குள்ளயே ஒரு இல்லை இருக்காம். நான் நம்ம பேச்சு மாதிரியே கடைசியில இன்னொரு இல்லையும் போட்டுட்டேன். ரெண்டு இல்லை சேந்தா ஆமான்னு ஆயிடுமாம்."

"அப்ப இதுக்கு என்னதான் அர்த்தம்?"

"நீங்க கேக்காம இருந்ததே இல்லைன்னு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு எழுத்தையும் அழிக்காமல், இன்னொரு இல்லையைச் சேர்த்ததும், தரைத்தளத்தில் கிடந்த என்னை அந்த வரி நூறு சதவீதத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. முப்பது வருஷமாக லிஃப்ட் பார்க்கிறேன், இப்படி ஒரு தூக்கலைப் பார்த்ததில்லை.

"டீச்சர்கிட்ட தப்புன்னு சொல்லலையா?"

"நெஜமாவே அப்படியான்னு கேட்டாங்க. க்ளாஸே என்னையே பாத்துச்சு." உறையைக் கொடியில் போட்டு, இல்லாத சுருக்கத்தை நீவினாள். "ஆமான்னு தலையாட்டிட்டேன். திருத்தினாத்தான் பரீட்சைல எழுத வரும். ரப்பர் எடுத்துக் குடுங்க."

வெட்கமாக இருந்தது. எத்தனை பேர் முன்னால் எனக்காகத் தலையாட்டியிருக்கிறாள்! ரப்பரைக் கொண்டுவந்தேன். வரும்போது உள்ளே பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தேன். ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்த வேலை விஷயம். முதல்லேருந்து சொல்லு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். நோட்டு என் மடியில் விரிந்தே இருந்தது. என் கையிலிருந்த ரப்பர் அந்த வரியின் மேல், 'நாட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அப்படியே நின்றுகொண்டிருந்தது.