ஹோட்டல் லைன்

“ஒண்ணு எடுங்கம்மா. எனக்குக் காட்டாதீங்க,” என்று சீட்டுக்கட்டை விசிறியாக விரித்தபோது உள்பையில் போன் அதிர்ந்தது. அவன் சிரிப்பை மாற்றவில்லை. அந்த அம்மாள் ஒரு சீட்டை உருவி, கணவருக்குக் காட்டி, திரும்பச் செருகி, அதை அவன் கண்டுபிடித்துக் கொடுத்து, மேஜையே கைதட்டி முடிக்கும் வரைக்கும் போன் நின்று நின்று அதிர்ந்தது. வேலை நேரத்தில் அவன் மனைவி கூப்பிடவே மாட்டாள்.

சமையலறைக்குப் போகிற நடையில் ஒதுங்கிப் போனை எடுத்தான்.

“எங்க போயிட்டீங்க? மாமாவுக்கு மூச்சு இழுக்குது. டாக்டர் வந்து பாத்துட்டார். இன்னைக்குத் தாண்டறது கஷ்டமாம்.”

“ஆஸ்பத்திரிக்கு…”

“வேணாம்னுட்டார். வீட்லயே நிம்மதியா இருக்கட்டுமாம். மாமா கண்ணு முழிச்சுத்தான் இருக்கார். பாப்பா எங்க, பாப்பா எங்கன்னு அதே பேச்சு. உங்க தங்கச்சிக்குப் போட்டுப் போட்டுப் பாக்கறேன், போனை அணைச்சு வெச்சிருக்கா. அவ புருஷனும் அப்படியே.”

“அவ இங்கதான் சாப்பிட்டுக்கிட்டிருக்கா.”

“அங்கயா? அப்ப கையோட கூட்டிட்டு வாங்களேன். இதுல என்ன யோசனை?”

யோசனை இருந்தது. தங்கை மகளுக்கு வரன் குதிர்ந்திருந்தது. மேற்கொண்டு பேச, பையன் வீட்டார்தான் இந்த ரெஸ்டாரண்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நேற்று தங்கை போன் செய்து, “அண்ணா, நாளைக்கு லீவு போட முடியுமா?” என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மேஜிக்காரனுக்கு யார் லீவு கொடுப்பார்கள்? “அப்படின்னா எங்க டேபிள் பக்கம் மட்டும் வந்துடாதேண்ணா. தப்பா எடுத்துக்காதே.” நான் எதுக்கு அங்கே வரப் போறேன் என்று அவன் சிரித்துவிட்டான். போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

பெண்ணின் தாய்மாமா என்ன செய்கிறார் என்று பையன் வீட்டில் கேட்டதற்கு, ஹோட்டல் லைனில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தாள். அது அவள் கண்டுபிடித்த பேச்சு இல்லை, அப்பாவுடையது. மேஜை மேஜையாகப் போய் வித்தை காட்டும் பிள்ளையைப் பற்றி ஊரில் யார் விசாரித்தாலும் அப்பா இதைத்தான் சொல்வார். வீட்டுக்குள் வேறு பேச்சு. “பிச்சைக்காரன் கையை நீட்டறான், நீ சீட்டை நீட்டறே. வேற என்னடா வித்தியாசம்?” அந்த அப்பாவைத்தான் ஒரு வருஷமாக அவன் தூக்கி உட்கார வைத்துத் துடைத்துத் துணி மாற்றிக்கொண்டிருக்கிறான். செய்வதெல்லாம் இவன், கேட்பது மட்டும் பாப்பாவை. ஆத்திரமாகத்தான் இருக்கும். ஆத்திரப்பட்டு என்ன, அடுத்த வேளைக்கும் இவன்தானே தூக்க வேண்டும்.

கூடத்துக்குள் திரும்பி வந்தான். ஒரு மேஜைக்குப் போகலாமா கூடாதா என்பது அவனுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் போகலாம். எல்லாரும் முன்னால் குனிந்திருந்தால் அங்கே ஏதோ பேச்சு நடக்கிறது, சண்டையோ காதலோ வியாபாரமோ, கிட்டே போகக் கூடாது. ஜன்னலோர மேஜையில் எல்லாரும் குனிந்திருந்தார்கள். தங்கை புதுச் சேலையில், முதுகு நேராக, ஒரு கரண்டி சூப்பை வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு பையனின் அம்மா சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் போனான். கறுப்புக் கோட்டும் சிவப்பு டையுமாக அவன் வருவதை முதலில் பார்த்தவள் தங்கை மகள். வாயைத் திறந்தவள் சட்டென்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அவன் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

“வேண்டாம்ப்பா. நாங்க பேசிட்டிருக்கோம்.”

கூடப் பிறந்தவளின் வாயிலிருந்து அச்சு அசலாக அதே குரல். எத்தனையோ மேஜைகளில் எத்தனையோ பேர் அவனிடம் சொன்ன அதே ‘வேண்டாம்ப்பா’. அதற்கு அவன் உடம்புக்கு ஒரே பதில்தான் பழக்கம்: சிரிப்பு, ஒரு சின்னத் தலைவணக்கம், திரும்பி நடப்பது. நாலு மேஜை தாண்டிய பிறகுதான் தான் திரும்பி வந்துவிட்டோம் என்பதே அவனுக்கு உறைத்தது. பாழாய்ப்போன கால். அங்கே ஒரு உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது, இது மரியாதை காட்டுகிறது!

சத்தமாகச் சொல்லிவிட்டால் என்ன? அப்பா சாகக் கிடக்கிறார் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் யாருடைய அப்பா என்று கேட்பார்களே. தாத்தா போகிற அன்றைக்கே பேத்தியின் கல்யாணமும் போயிற்று என்றால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது?

“ஹலோ! மேஜிக்! இங்க வாங்க!”

பையனின் அம்மா கையை உயர்த்திக் கூப்பிட்டார். “பாவம், அவர் பாட்டுக்குப் போயிட்டார். வாங்க, வாங்க. எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்.”

தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் போய் நின்றான். வாய் தன்னாலே ஆரம்பித்தது: “சாப்பாடெல்லாம் எப்படி இருக்கு? எங்க சமையல்காரர் கோபக்காரர், நல்லா இருக்குன்னே சொல்லிடுங்க.” பையனின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பையில் சிவப்புப் பஞ்சு உருண்டைகள் இருந்தன. ஒன்றை மேஜைமேல் வைத்தான். ஆளின் கையைத் தொட்டு, விரல்களை மடக்கி, முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து செய்கிற வித்தை அது ஒன்றுதான்.

“நீங்க கையை நீட்டுங்கம்மா,” என்றான் தங்கையிடம்.

நீட்டினாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது. உருண்டையை வைத்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கும்போது உதடு அசையாமல் சொன்னான்: “அப்பாவுக்கு முடியலை. உன்னைத்தான் கேட்டுக்கிட்டிருக்கார்.”

பிறகு நிமிர்ந்து, “இப்பத் திறங்க,” என்றான். ஒன்று இரண்டாகியிருந்தது. மேஜை முழுக்கக் கைதட்டல். தங்கை அந்த இரண்டு உருண்டைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவன் அவளிடம் பார்த்ததில்லை.

“எனக்கு ஒண்ணுமே புரியலை. இன்னொரு தடவை செய்ங்க.”

ஒரே வித்தையை ஒரே மேஜையில் இரண்டு தடவை செய்யவே கூடாது. இரண்டாவது தடவை எல்லாரும் கையை மட்டும்தான் பார்ப்பார்கள். இன்றைக்கு அவர்கள் கையைப் பார்ப்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. குனிந்தான்.

“போன மாசமும் இதைத்தானே சொன்னே?” என்றாள், பல் தெரியச் சிரித்தபடியே.

அதுவும் நிஜம். போன மாதம் கூப்பிட்டதும் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். அவளைப் பார்த்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

“இந்தத் தடவை அப்படி இல்ல. டாக்டரே சொல்லிட்டார்.”

திறந்தாள். மறுபடி இரண்டு. “ஐயோ, சம்பந்தியம்மா குழந்தையாவே மாறிட்டாங்க!” என்று பையனின் அம்மா பூரித்துப்போனார். பையனின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, கண்டுபிடித்தே தீருவது என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னும் ஒரே ஒரு தடவை,” என்றாள் தங்கை. குரல் லேசாக உடைந்தது.

மூன்றாவது தடவை விரல்களை மடக்கும்போது அவள் அவனுடைய கட்டைவிரலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “இப்பதான் தேதி பேசறாங்கண்ணா. இதுல எழுந்து போனா வேற மாதிரி ஆயிடும். பத்து நிமிஷம். முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்.”

வாடி, இப்பவே வா என்று சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். மேஜைக்காரர்கள் கேட்பதைக் கொடுத்தே பழகிய ஆள். “சரி,” என்றான். சொன்ன அந்த நொடியில் இடது கையில் இருந்த உருண்டை நழுவி, மேஜைமேல் உருண்டு, பையனின் அப்பா முன்னால் போய் நின்றது.

“ஆ! பிடிச்சுட்டேன் பாருங்க!” அவர் உருண்டையைத் தூக்கிக் காட்டினார். “இந்தக் கையிலதான் ஒளிச்சு வெச்சிருந்தார். நான் அப்பவே சொல்லல?”

“ஐயா கண்ணு பொல்லாத கண்ணு,” என்று அவன் கும்பிட்டான். மேஜை சிரித்தது. கோட்டுக்குள் போன் மறுபடி அதிரத் தொடங்கியது. நடைக்குப் போகிற வரைக்கும் அவன் ஓடவில்லை, நடந்துதான் போனான்.

மனைவிதான்.

“சொல்லு.”

“போயிட்டார்.”

“எப்ப?”

“இப்பதாங்க. தண்ணி கேட்டார். எடுத்துட்டு வந்து பாத்தா…” அவள் மூக்கை உறிஞ்சினாள். “மெதுவா வாங்க. வண்டியைப் பாத்து ஓட்டுங்க. இனிமே என்ன அவசரம்.”

எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்த வெயிட்டர், “மேஜிக், கொஞ்சம் வழி விடுப்பா,” என்றான். அவன் சுவரோடு ஒட்டி வழி விட்டான். அழுகை வரவில்லை. பத்து நிமிஷம் என்று அவள் கேட்டதும் தன்னுடைய பொருளைப்போல அதை எடுத்துக் கொடுத்தோமே, அது யாருடைய பத்து நிமிஷம் என்றுதான் மண்டைக்குள் ஓடியது. அப்பா மேல் இருந்த பழைய ஆத்திரம்தான் அந்தச் ‘சரி’யைச் சொல்லிற்றோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அது பொய் என்று அவனால் தனக்கே அடித்துச் சொல்ல முடியவில்லை.

“அண்ணா!”

அவன் நடையிலிருந்து கூடத்துக்கு வந்தான். எல்லாத் தலைகளும் திரும்பியிருந்தன. தங்கை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து கிடந்தது. அவள் புருஷன் உட்காரு உட்காரு என்று கையை இழுக்க, அவள் உதறினாள்.

“அண்ணா, வண்டியை எடு. நானும் வரேன்.”

பையனின் அம்மா அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “அண்ணனா? உங்க அண்ணன் ஹோட்டல் லைன்னு…”

“இதுதாங்க அந்த லைன். இவர்தான் என் அண்ணன், என் பொண்ணுக்குத் தாய்மாமா. எங்கப்பா சாகக் கிடக்கார், அதைச் சொல்லத்தான் வந்தார். நான் உக்காந்து வித்தை பாத்துட்டிருந்தேன்.” அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். “என்னை என்ன வேணா நினைச்சுக்கோங்க. நான் எங்கப்பாவைப் பாக்கணும்.”

பையனின் அப்பா கையில் வைத்திருந்த உருண்டையை மெதுவாக மேஜைமேல் வைத்தார். “முதல்ல போங்கம்மா,” என்றார் பையனின் அம்மா. “மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.” மத்தது என்றால் எது என்று முகத்தில் தெரியவில்லை. தங்கை மகள் தட்டிலிருந்து கண்ணை எடுத்து, அவனைப் பார்த்து, “மாமா, சீக்கிரம் போங்க மாமா,” என்றாள்.

வாசலில் ஸ்கூட்டரை எடுக்கும்போது அவன், “இங்க பாரு, பாப்பா…” என்று ஆரம்பித்தான்.

“எல்லாம் அங்க போய்ப் பேசிக்கலாம். ஏறிட்டேன், எடு!” அவள் பின்னால் உட்கார்ந்து அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எடுத்தான். மெதுவாகப் போகத்தான் நினைத்தான். மெதுவாகப் போனால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். கை தன்னாலே வேகத்தைத் திருகியது. இவ்வளவு நேரம் வராத அழுகை இப்போது வந்தது. பின்னால் இருப்பவளுக்கு முகம் தெரியாது என்பதால் துடைக்காமல் விட்டுவிட்டான்.

“என்னைப் பாத்தா எழுந்து உக்காந்துடுவார் பாரேன்,” என்று அவள் காதருகே கத்தினாள். “போன தடவை மாதிரி. உன்னைப் பத்தியும் நான் சொல்லி வைக்கறேன். எல்லார் முன்னாலயும் எங்கண்ணன்னு சொல்லிட்டேன்ப்பான்னு அவர்கிட்ட சொல்லணும். திட்டுவார்ல?”

“திட்டுவார்,” என்றான்.

“திட்டட்டும். நல்லாத் திட்டட்டும். வேகமாப் போண்ணா.”

பெரிய நாற்சந்தியில் சிவப்பு விழுந்திருந்தது. குறுக்கே லாரிகளும் பஸ்களுமாக ஓடின. ஓரத்தில் நின்ற போக்குவரத்துக் காவலரைப் பார்த்ததும் தங்கை வண்டியிலிருந்தபடியே கைகூப்பினாள்.

“சார், சார், எங்கப்பா சார்! உயிர் இழுத்துட்டிருக்கு. கண்ணு மூடறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும் சார். விடுங்க சார்.”

காவலர் அவளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார், நனைந்து கிடந்த முகத்தை. வேறொன்றும் கேட்கவில்லை. நடுச்சாலைக்கு ஓடினார். விசில் ஊதி, இரண்டு கைகளையும் விரித்து, பிரேக் கிறீச்சிட வந்த லாரி ஒன்றைத் தட்டி நிறுத்தினார்.

“போங்க, போங்க! நிக்காதீங்க!”

“நீங்க நல்லா இருக்கணும் சார்,” என்று தங்கை திரும்பித் திரும்பிச் சொன்னாள்.

அவன் வேகத்தை இன்னும் கூட்டினான். இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக அவர்களுக்காகக் காத்து நின்றன.