ஃப்ளாக்கோவின் முழுப்பெயர்

லைசென்ஸ் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து ஃப்ளாக்கோவுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. பிராங்க்ஸில் மளிகைக் கடை வைத்திருப்பவன். கடையை மனைவி யஹைராவிடம் ஒப்படைத்துவிட்டு விடிந்ததும் வந்தவன், இன்னும் ஒரு காபிகூடக் குடிக்கவில்லை. இந்த நியூயார்க்கில் துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள அனுமதி வாங்குவதற்குள் மனுஷனுக்குத் தலை நரைத்துவிடும். வகுப்பில் உட்கார்ந்தாயிற்று, சுட்டுக் காட்டியாயிற்று, கைரேகை கொடுத்தாயிற்று, ஃபேஸ்புக்கில் போட்ட கண்றாவியையெல்லாம் காட்டியாயிற்று. இத்தனைக்கும் மேல், இவன் நல்லவன்தான் என்று சொல்ல நாலு பேர் வேண்டுமாம். அது ஒன்றுதான் சுலபம் என்று நினைத்தான். தெருவே அவன் கடையில்தானே காபி குடிக்கிறது!

அவனுக்கு ஒன்றும் சினிமா ஆசை இல்லை. ஏழு வருஷத்துக்கு முன் ஒருத்தன் கடைக்குள் புகுந்து கல்லாவைப் பறித்தான், தடுக்க வந்த யஹைராவின் தம்பியைக் காலில் சுட்டு நொண்டியாக்கினான். கோர்ட்டில் ஃப்ளாக்கோதான் சாட்சி. ஜெயிலுக்குப் போகும்போது அவன் திரும்பிப் பார்த்துச் சொன்ன மூன்று வார்த்தையை ஃப்ளாக்கோ இன்றுவரை மறக்கவில்லை. அந்த ஆள் அடுத்த மாதம் வெளியே வருகிறான்.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அதிகாரி அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

"மிஸ்டர் பத்திஸ்தா, நீங்க கொடுத்த நாலு பேருக்கும் போன் போட்டேன். நாலு பேருமே உங்களைத் தெரியவே தெரியாதுங்கிறாங்க."

"என்னம்மா சொல்றீங்க? சலூன் வில்ஃப்ரிடோவுமா? பதினஞ்சு வருஷமா என் தலை அவன் கையிலதான் இருக்கு!"

"எலிஹியோ அந்தோனியோ பத்திஸ்தாவைத் தெரியுமான்னு ரெண்டு தடவை கேட்டேன். கேள்விப்பட்டதே இல்லன்னு போனை வெச்சுட்டாரு. வேற நாலு பேரோட புதுசா மனு போடுங்க."

"அதுக்கு எவ்வளவு நாளாகும்?"

"போன தடவை ஆன மாதிரிதான்."

போன தடவை எட்டு மாதம் ஆயிற்று. தன் நெற்றியில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. பத்தொன்பது வயதில் சாண்டோ டொமிங்கோவிலிருந்து வந்து இறங்கியபோது எலும்பும் தோலுமாக இருந்தான். ஃப்ளாக்கோ, ஒல்லிப்பயல், என்று கூப்பிட்டார்கள். இப்போது தொப்பை கல்லாவில் இடிக்கிறது, பெயர் மட்டும் இன்னும் இளைத்தே கிடக்கிறது. சிபாரிசு கேட்கப் போனபோது அவர்கள் முழுப்பெயரையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டான். அவன் பெயரை ஒருத்தரும் கேட்கவில்லை. சொல்லணும் என்று இந்த மடையனுக்கும் தோன்றவில்லை.

நேரே சலூனுக்குப் போனான். லாண்டரிக்கார மிலாக்ரோஸ் அம்மாவும் அங்கேதான் வம்பளந்துகொண்டிருந்தாள்.

"எலிஹியோன்னு ஒருத்தனைப் பத்தி உனக்குப் போன் வந்துச்சா?"

"வந்துச்சுடா ஃப்ளாக்கோ," என்றான் வில்ஃப்ரிடோ. "அசல் போலீஸ் குரல்! எவனோ பாவம் மாட்டிக்கிட்டான்னு நினைச்சேன். போலீஸ் கேட்டா பெத்த தாயையே தெரியாதுன்னு சொல்றவன் நான், எவனையாவது காட்டிக்கொடுப்பேனா?"

"எனக்கும் வந்துச்சு மகனே," என்றாள் மிலாக்ரோஸ். "அப்படி ஒருத்தன் இந்தத் தெருவிலயே இல்லைன்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன்ல!"

"அந்த எலிஹியோ நான்தான்."

வில்ஃப்ரிடோ கத்தரியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "நீயா? செத்துப்போன கிழவன் பேராட்டம் இருக்கேடா!"

கோபப்படக்கூட ஃப்ளாக்கோவுக்குத் தெம்பு இல்லை. காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தானே கவிழ்த்திருக்கிறார்கள், பாவிகள். காலியாக இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"விடுடா, மறுபடி போடு. இந்தத் தடவை தெரு பூரா சொல்லி வெச்சுடலாம்," என்று வில்ஃப்ரிடோ அவன் தோளைத் தட்டினான். "எங்க மேல மட்டும் என்ன தப்பு? உன் முழுப்பேரு இங்க எவனுக்குடா தெரியும்?"

"ஒருத்தனுக்குத் தெரியும்," என்றான் ஃப்ளாக்கோ. "கோர்ட்டுல நான் சத்தியம் பண்றப்ப கேட்டுக்கிட்டான். விலங்கோட போறப்ப திரும்பிப் பார்த்து, ஒரு எழுத்து பிசகாம சொன்னான். எலிஹியோ அந்தோனியோ பத்திஸ்தா. அவ்வளவுதான் சொன்னான்."

வில்ஃப்ரிடோவின் சிரிப்பு அப்படியே நின்றது. மிலாக்ரோஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அடுத்த மாசம் வர்றான்," என்றான் ஃப்ளாக்கோ. "அவன் வந்து கேட்டாலும் தெரியாதுன்னே சொல்லுங்க."