கான்வாஸின் பின்பக்கம்

அக்கா வீட்டு ஹாலில் ஸ்டூலின் மேல் ஏறி நின்று, ஆணியிலிருந்து படத்தைக் கழற்றும்போதுதான் அது சிறுத்துப்போயிருப்பது அவளுக்குத் தெரிந்தது. தன் படங்களின் அகலத்தை அவள் கைகள் அறியும். எத்தனையோ முறை தூக்கி, சாய்த்து, நிலைப்படியில் இடிக்காமல் திருப்பி எடுத்துப் போனவை. இடது கை சட்டத்தைப் பிடித்திருக்க, வலது கை போன இடத்தில் வெறும் காற்று இருந்தது. கீழே இறக்கி சோபாவில் சாய்த்துவைத்துப் பார்த்தாள். வலப்பக்கம் ஒரு சாண் அகலத்தைக் காணோம். ஜன்னலோரம் நின்றிருந்த பெண் போய்விட்டாள். அவளுடைய முழங்கை மட்டும் சட்டத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, இதை யாரு வெட்டினது?”

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “ஏசி மாட்ட வந்தவன் இடம் பத்தலன்னான். மாமா படத்தையே எடுத்துடலாம்னாரு. என் தங்கச்சி வரைஞ்சது, மாட்டியே ஆகணும்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன். அப்புறம் கார்பெண்டரைக் கூப்பிட்டு ஓரத்த மட்டும் எடுத்தோம். கறுப்பா ஒரு பொம்பள நின்னுட்டிருந்தா பாரு, அவதான் போனா. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணுக்காகத்தான் அந்தப் படத்தையே வரைந்தாள். மற்றதெல்லாம் அவள் நிற்பதற்கான அறை. ஆனால் அக்கா ஒற்றைக்காலில் நின்றது உண்மையாகத்தான் இருக்கும். அன்பாகத்தான் வெட்டியிருக்கிறார்கள். சண்டை போடக்கூட வழியில்லை. பழைய போர்வையில் படத்தைச் சுற்றி காரின் பின்சீட்டில் வைத்தாள்.

பல்கலைக்கழகத்தின் ஓவியத் துறையில் அவளுக்கு அந்த வருடம் பணி ஓய்வு. அவளிடம் படித்து இப்போது துறைத்தலைவராக இருப்பவன், “மேடம், உங்க எல்லாப் படத்தையும் ஒரே இடத்துல நாங்க பார்த்ததே இல்ல. ஒரு ஷோ வைக்கலாம்” என்றான். வேண்டாம் என்று சொல்ல நினைத்து, சரி என்று சொல்லிவிட்டாள். அப்புறம்தான் வீட்டில் தேடினால் எதுவுமே இல்லை என்பது உறைத்தது. கல்யாணத்துக்கு, புதுமனைக்கு, பிரசவத்துக்கு, வெளிநாடு போகிறவர்களுக்கு என்று கொடுத்துக் கொடுத்தே தீர்ந்திருந்தது. வாங்க ஆள் இல்லாத படத்தைப் பரிசாகக் கொடுப்பது எவ்வளவு சுலபம்! அதனால் ஊரெல்லாம் போய், கொடுத்ததைக் கடன் கேட்பதுபோல் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றைக் கறையான் தின்றிருந்தது. ஒன்று மாடிப்படிக்குக் கீழே, இஸ்திரிப் பலகைக்குப் பின்னால் இருந்தது. ஒன்றை ஒரு பேராசிரியர் வீட்டில் கனகாலமாகத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். அவர்கள் அதைப் பற்றி அவளிடமே மிகவும் நன்றாகப் பேசினார்கள்.

போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது தாடி வீட்டுக்கு மட்டும்தான்.

தாடி அவளோடு படித்தவன். தாடியை எடுத்துப் பல காலம் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இருவரும் ஒரே நாளில்தான் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவனுக்கு வெளிநாட்டு அழைப்புகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்னால் அவள் மேசைக்கு முன் வந்து நிற்பான். “என் கிளாஸையும் கொஞ்சம் பாத்துக்கோயேன். உன்னை விட்டா பசங்கள யாரு மேய்ப்பா?” அவள் பார்த்துக்கொண்டாள். காலையில் தன் வகுப்பு, மதியம் அவன் வகுப்பு. மாலையில் கைகளில் வண்ணம் கழுவும் டர்பன்டைன் வாடையோடு வீட்டுக்குப் போனால் தூரிகையைத் தொடத் தோன்றாது. மாணவர்கள் அவளுக்கு ‘டர்பன்டைன் மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் பெயர் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. பிறகு அவன் வேலையையே விட்டுவிட்டு முழுநேர ஓவியன் ஆனான். அவளுக்கு அவன் வகுப்புகள் நிரந்தரமாயின.

இதற்கெல்லாம் அவள் கசந்துபோகாமல் இருந்ததற்கு ஒரே ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அம்மா நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பகலெல்லாம் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள் கண்ணில் பட்டதெல்லாம், உள்ளே போனவர்கள் வாசலில் விட்டுப்போன செருப்புகள். அவற்றை வரைந்தாள். தூரிகையால் முடியவில்லை, வண்ணத்தைக் கத்தியால் அள்ளி அப்பி அப்பி வரைந்தாள். ஒவ்வொரு செருப்பும் கான்வாஸிலிருந்து புடைத்துக்கொண்டு நின்றது. அம்மா திரும்பி வரவில்லை. படம் முடிந்தது. தாடி அதன்முன் வெகுநேரம் நின்றான். “நம்ம செட்டுல யாரும் இப்படி ஒண்ணு பண்ணல. நானும் பண்ணல. இதை எனக்குக் குடுத்துடு. தினம் கண்ணுல பட்டுட்டே இருக்கணும்” என்றான். கொடுத்துவிட்டாள். எங்கோ ஒரு வீட்டில் தினமும் அதை ஒருவன் பார்க்கிறான் என்பது, அவன் வகுப்பையும் சேர்த்து எடுத்த மதியங்களில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

கடைசியில் ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்கும் போய்க் கேட்டாள்.

“அந்தச் செருப்புப் படமா?” தாடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “வீடு மாறினப்ப எங்கயோ தவறிடுச்சு. உன்கிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டே இருந்தேன். எனக்கே மனசு கேக்கல.”

அவள் பரவாயில்லை என்றாள். உட்காரச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனான். அவனுடைய ஸ்டூடியோ பெரிய கூடம். ஒரு பக்கம் முழுக்க ஜன்னல்கள். எதிர்ச் சுவரில் அவனுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த நீலப் படம் தொங்கியது. முழுக்க முழுக்க நீலம், அதற்குள் அலைபோல ஏதோ அசைவு. எத்தனையோ அட்டைகளில் அச்சான படம். நேரில் பார்த்ததெல்லாம் கண்காட்சிக் கூடங்களின் நேர் வெளிச்சத்தில்தான். இப்போது சாயங்கால வெயில் பக்கவாட்டிலிருந்து அதன்மேல் சாய்ந்து விழுந்தது. அலைகளுக்கு நிழல் விழுந்தது. அவை அலைகள் அல்ல. கீழ் ஓரத்தில் வரிசையாக, ஜோடி ஜோடியாக இருந்தன.

எழுந்து போய் விரலை வைத்தாள். நீலத்துக்கு அடியில் ஒரு வார் தட்டுப்பட்டது. அறுந்த வார். கத்தியை ஒரே இழுப்பில் இழுத்து, நுனியில் சுழித்து விட்டது அவள் கைக்கு இன்னும் நினைவிருந்தது. பக்கத்தில் குதிகால் தேய்ந்த ஆண் செருப்பு. அதற்கப்புறம் அம்மாவுடையது, அவள் திரும்பி வந்தால் போட்டுக்கொள்ள என்று வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தது.

தாடி கோப்பைகளோடு வந்தான். “தொட்டுப் பாக்குறியா? எல்லாரும் கேக்குறது அதத்தான். இந்த டெக்ஸ்ச்சர் எப்படி வந்துச்சுன்னு. ஒரே ஒரு தடவ வந்துச்சு. அதுக்கப்புறம் தலைகீழா நின்னாலும் வரவே இல்ல.”

அவன் முகத்தைப் பார்த்தாள். கள்ளம் இருந்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. கான்வாஸ் கையில் இல்லாத ஏதோ ஒரு நாள், அவசரம், சுவரில் மாட்டிய ஒன்றைக் கீழே இறக்கி அதன்மேலேயே நீலத்தைப் பூசியிருக்கிறான். அப்புறம் மறந்துவிட்டான். உண்மையிலேயே மறந்துவிட்டானா, மறந்ததுபோல இருந்து இருந்து பழகிவிட்டதா? எது என்றாலும் அவளுக்கு ஒன்றுதான். வாய்வரை வந்ததை டீயோடு விழுங்கினாள்.

“இதை என் ஷோவுக்குக் குடேன்” என்றாள்.

“என் படமா? உன் ஷோவுக்கா?” அவன் கண்கள் நிஜமாகவே கலங்கின. “வேற யாராவது கேட்டா குடுத்திருக்க மாட்டேன். உனக்கு இல்லாததா?”

கண்காட்சிக்கு முந்தின நாள் கூடத்தில் அவளும் அட்டெண்டரும் மட்டும் இருந்தார்கள். நீலப் படத்தின் பின்னால் சட்டம் போட்டவர்கள் அறைந்திருந்த அட்டையைப் பிரிக்கச் சொன்னாள். அட்டெண்டர் குறடால் ஊசி ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அட்டை விலகியது. பழுப்பேறிய துணியில் கரித்துண்டால் எழுதியது அப்படியே இருந்தது. ‘வார்டுக்கு வெளியே. அம்மாவுக்கு.’ கீழே அவள் பெயர், வருடம்.

“மேடம், இது உங்க கையெழுத்துல்ல?”

“ஆமா.”

அவர் படத்தைத் திருப்பி நீலத்தைப் பார்த்தார். மறுபடி திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். “அப்ப எந்தப் பக்கம் மாட்டணும்?”

“இந்தப் பக்கம்.”

நடுச் சுவரில், முகம் சுவரைப் பார்க்க, முதுகு கூடத்தைப் பார்க்க அதை மாட்டினார்கள். பக்கத்தில் அக்கா வீட்டுப் படம், முழங்கையோடு. சற்று நேரத்தில் துறைத்தலைவன் வந்தான். நின்றான். படித்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லாததை, பாடம் சொல்வதுபோல் சொல்லி முடித்தாள். அவன் படிக்கும் காலத்தில் ஒருமுறை அவனைத் துறையை விட்டே அனுப்ப இருந்தார்கள். இவள்தான் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கிப் பேசித் தடுத்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மேடம், நான் உங்க ஸ்டூடண்ட். நாளைக்கு நீங்க உள்ள வரும்போது இது இப்படியேதான் இருக்கும்.”

மறுநாள் மாலை கூடம் நிரம்பியிருந்தது. அக்காவும் மாமாவும் முன்வரிசையில் இருந்தார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு அவள் வாசலில் நுழைந்தபோதே தூரத்தில் நீலம் தெரிந்தது. சுற்றும்முற்றும் பார்த்தாள். அட்டெண்டர் தூணோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைத்தலைவன் வேகமாக அருகில் வந்தான்.

“ரெண்டு மணி நேரம்தான் மேடம். துணைவேந்தர் வர்றாரு, நீலப் படம் குடுத்த சாரும் வர்றாரு. அவங்க போனதும் நானே திருப்பி வச்சுடுறேன். பிளீஸ் மேடம். நம்ம டிபார்ட்மெண்ட் புது பில்டிங் விஷயம் துணைவேந்தர்கிட்ட சார் சொன்னாத்தான் நடக்கும்.”

அவனை அவள் திட்டவில்லை. கெஞ்சும்போது அவன் முகம் அந்தப் பழைய மாணவனுடைய முகமாகவே இருந்தது. அன்று இந்த முகத்துக்காகத்தானே ஏறி இறங்கினோம் என்று மட்டும் தோன்றியது.

தாடி நிமிர்ந்து நின்று நன்றாகப் பேசினான். எப்போதும் நன்றாகப் பேசுவான். “இவங்க மட்டும் இல்லேன்னா நான் இல்ல. நான் ஊர் ஊரா சுத்தினப்பல்லாம் என் வகுப்பையும் சேர்த்து எடுத்தது இவங்கதான். ஆர்ட்டிஸ்ட் ஆகுறது ஈஸிங்க. இந்த மாதிரி ஒரு டீச்சர் ஆகுறதுதான் கஷ்டம்.” கைதட்டல் எழுந்தது. அக்கா பெருமையோடு திரும்பி மாமாவைப் பார்த்தாள். துணைவேந்தர் கூடத்தைச் சுற்றி வந்து நீலத்தின்முன் நின்றார். “இது ஒண்ணு போதும்மா. உங்க கண்காட்சிக்கே களை வந்துடுச்சு.” அவரோடு வந்தவர்கள் தலையாட்டினார்கள். பிறகு மாணவர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் அங்கேயே திரண்டார்கள். தாடியை நடுவில் நிறுத்தி போன்களை உயர்த்தினார்கள். மற்ற சுவர்களுக்கு முதுகுகள் காட்டப்பட்டிருந்தன.

அவள் கொஞ்ச நேரம் அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் இருந்தது. பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“கொஞ்சம் வழி விடுங்க.”

டீச்சர் குரல். கூட்டம் தன்னால் விலகியது. புகைப்படத்துக்குத் தன்னோடு நிற்க வருகிறாள் என்று நினைத்து, தாடி சிரித்துக்கொண்டே அவளுக்கு இடம் விட்டான். அவள் அவனைக் கடந்து போய் இரண்டு கைகளாலும் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினாள். ஆணியிலிருந்து கம்பி விடுபட்டது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, இரண்டு பேருடைய வண்ணம் அல்லவா. தடுமாறி, விழாமல் இருக்க அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். நீலம் அவள் புடவையில் அழுந்தியது. பழுப்புத் துணி கூடத்தைப் பார்த்தது.

துறைத்தலைவன், “மேடம்” என்றான், மெதுவாக. தாடியின் சிரிப்பு இன்னும் அணையவில்லை. யாரும் போன்களை இறக்கவும் இல்லை. முன்னால் நின்ற ஒரு மாணவி திரையில் இரண்டு விரல்களை வைத்து, விரித்து, கரியெழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் எழுத்துக்கூட்டி அசையத் தொடங்கின.