முன்னால் மட்டும் ஒரு விளக்கு

ஓசூருக்கு வெளியே இருந்த அந்த இரும்பு வார்ப்புப் பட்டறையில் மாலைச் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் கூட்டமாகக் கிளம்பும். மார்கழியில் அதற்குள் நன்றாக இருட்டிவிடும். டைனமோ விளக்கு கௌஸ் மொய்தீனின் சைக்கிளில் மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் கழற்றி வீட்டில் போட்டுவிட்டார்கள். பகலெல்லாம் உலை முன்னால் நின்ற கால்களுக்கு, டைனமோ சக்கரத்தில் உரசினால் பெடல் கனத்தது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். விளக்குள்ளவன் முன்னால் போவான். மற்றவர்கள் அந்த வெளிச்சத்தை நம்பி ஒருவர் பின் ஒருவராக மிதிப்பார்கள். கடைசி ஆள் எப்போதும் ஆஞ்சப்பன்.

“என்னா ஆஞ்சப்பா, ஓட்டறியா, தள்ளிக்கினு வர்றியா?” என்று முன்னாலிருந்து கத்தினான் திம்மப்பன்.

“நீங்கல்லாம் வாத்துங்கடா. மேய்க்கிறவன் பின்னாலதான் வருவான்!”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பின்னால் ஒரு லாரியின் பிரேக் அலறியது.

கரி படிந்த சட்டை, கரி படிந்த சைக்கிள், அதைவிடக் கறுப்பாகத் தார்ச்சாலை. லாரியிலிருந்து குதித்த டிரைவர் தலையில் அடித்துக்கொண்டான். “சத்தியமா கண்ணுக்கே தெரியலீங்க! எதிர்ல வந்த பஸ்காரன் லைட்ட கொறைக்கவே இல்ல!”

ஆஸ்பத்திரியில் ஆஞ்சப்பனின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இனி வேலை இருக்குமா என்று வந்தவர்களையெல்லாம் கேட்டாள் அவன் மனைவி சாந்தம்மா.

விசாரிக்க வந்த ஏட்டு, “லைட்டு இல்லாம போனா லாரிக்காரன் என்னம்மா பண்ணுவான்?” என்றார். ஆரஞ்சுப் பழங்களோடு வந்த கம்பெனி ஆபீசர், “கேட்டுக்கு வெளிய நடந்ததும்மா இது. ஒத்தக் காலோட ஒலையில நிக்க முடியுமா, நீயே சொல்லு” என்றார். சாலையில் விளக்குப் போடச் சொல்லிக் கேட்கப் போன திம்மப்பனை ஓர் ஆபீசில் இன்னோர் ஆபீசுக்கு அனுப்பினார்கள். அங்கே போனால், முதலில் போன இடத்தையே கை காட்டினார்கள்.

கௌஸ் மொய்தீன் கட்டிலருகே தலைகுனிந்து நின்றான். “டைனமோவ கழட்டாதீங்கடான்னு நான் சொல்லியிருக்கணும் தங்கச்சி.”

“இருந்திருந்தா மட்டும் என்னண்ணா? அது முன்னாலதான எரியும்? லாரி பின்னாலதான வந்துச்சு?”

அவனுக்குச் சுருக்கென்றது. விளக்குள்ள அவன் சைக்கிளிலும், வெளிச்சம் பட்டால் மின்னும் பின்பக்கச் சிவப்புக் கண்ணாடி எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது. அவன் புதிதாக வாங்கி மாட்டவில்லை.

கட்டிலில் ஆஞ்சப்பன் கண் திறந்தான். “பள்ளம் தெரியணும்னுதான்டா பாத்தோம். நாம தெரியணும்னு நெனைக்கவே இல்ல.”

சாந்தம்மா முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

“பின்னால ஒரு செவப்புக் கண்ணாடி மாட்டாதது இவரு தப்புதான். அதுக்குக் காலே போயிடுச்சு. கண்ணு கூசுதுன்னு தெரிஞ்சும் வேகத்தக் கொறைக்காத லாரிக்காரன், லைட்ட எறக்காத பஸ்காரன், இருட்டுல அனுப்பிட்டுக் கேட்ட சாத்திக்கிற கம்பெனி, ரோட்டப் போட்டுட்டு வெளக்கு போடாதவங்க, இவங்களுக்கெல்லாம் என்னாண்ணா போச்சு? ரோட்டுல போற உசுருக்கு எல்லாருந்தான் பொறுப்பு. ஆளாளுக்குக் கழண்டுக்கினா, மொத்தமும் மிதிச்சிக்கினு போறவன் தலையிலதான் விழுது.”