கயிற்றின் இரண்டு முனை

சின்னப் பிள்ளைகள் பள்ளி வாசலில் கயிறு நீட்டியாயிற்று. முழத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முன்முனையைப் பிடித்திருந்தவன் முட்டி. எதற்கெடுத்தாலும் தலையால் முட்டப் போவதால் வந்த பேர். பின்முனை நெட்டையின் கையில். நடுவில் பிள்ளைகள் மட்டும் இல்லையென்றால் இரண்டு பேரும் ஒரே கயிற்றைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

போன மாதம் பக்கத்திலிருக்கும் பெரிய பள்ளியில் இவர்கள் போட்ட சண்டையில் முட்டிக்கு முன்பல் போனது, நெட்டைக்குப் புருவம் கிழிந்தது. இரண்டு பேரையும் துரத்திவிடச் சொல்லி ஆசிரியர்கள் ஒரே குரலில் நின்றார்கள். தலைமையாசிரியை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வெளிய தள்ளினா தெருவுல அடிச்சுக்குவாங்க. அப்ப யாரு தடுக்கறது?" என்றார். அன்றிலிருந்து சாயங்காலமானால் சின்னப் பிள்ளைகளைப் பெரிய சாலை தாண்டிப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் விளையாட வைப்பது இவர்கள் வேலை. முடிந்ததும் அவர் அறையில் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன பார்த்தோம், என்ன கற்றோம் என்று பேச வேண்டும். முட்டி தினமும் "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்பான். நெட்டை அதைக்கூடச் சொல்வதில்லை.

நேற்று பைக் பட்டறையில் முட்டி, மீசை என்கிற கூட்டாளியைப் பார்த்துப் பேசியிருந்தான். மீசை படிப்பை விட்டவன். மீசை இன்னும் முளைக்கவில்லை. சீக்கிரம் முளைக்கட்டும் என்று தினமும் வழிக்கிறவன்.

"கயிறு புடிச்சிருக்கறப்ப நெட்டை கை ரெண்டும் மாட்டிக்கிட்டிருக்கும் மச்சான். பார்க் வாசல்ல வெச்சுப் போடு. நான் முன்னாடி எதுவும் தெரியாத மாதிரி நின்னுக்கறேன்" என்று சொல்லியிருந்தான்.

"அண்ணா, ஏன் பார்க் வாசலையே பார்க்கற?" முதல் முடிச்சைப் பிடித்திருந்த குட்டிப் பெண் கேட்டாள்.

"பார்க்கல. நட."

வண்டிகளை நிறுத்தக் கையில் வைத்திருந்த 'நில்' பலகையை முட்டி உயர்த்தினான். லாரி ஒன்று பெருமூச்சு விட்டு நின்றது. கயிறு பாதிச் சாலைக்கு வந்திருக்கும். நிறுத்தியிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து மீசை வந்தான். கையில் இரும்புக் குழாய். சொன்ன இடம் பூங்கா வாசல். அதுவரை அவனுக்குப் பொறுமை இல்லை.

நெட்டை குழாயைப் பார்த்தான். பிறகு முட்டியைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஓடிவிடுவான் என்றுதான் முட்டி நினைத்தான். அந்தக் கால்களோடு ஓடினால் எவனாலும் பிடிக்க முடியாது. நெட்டை ஓடவில்லை. கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு கடைசிப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தான்.

"புள்ளைங்க நடு ரோட்டுல நிக்குதுங்கடா." மீசையிடம் சொன்னான். "அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடறேன். அப்புறம் அடி. நான் எங்கயும் போகல."

"பாருடா, தியாகி!" மீசை குழாயை ஓங்கினான்.

இடுப்பிலிருந்த பிள்ளை வீறிட்டது. அதைக் கேட்டு மற்றதுகளும் அழ, கைகள் ஒவ்வொன்றாக முடிச்சை விட்டன. லாரியை முந்த ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வெளியே மூக்கை நீட்டியது.

"முடிச்ச விடாதீங்க! எல்லாரும் அண்ணன் பின்னாடி வாங்க!" முட்டி தொண்டை கிழியக் கத்தினான். பலகையை பஸ்ஸுக்கு நேராக நீட்டி அதை நிறுத்திக்கொண்டே கயிற்றை இழுத்தான். நெட்டை, குழாயோடு துரத்தி வந்த மீசைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளுக்கு மறைப்பாக வந்தான். நடைபாதை ஏறியதும் முட்டி கயிற்றைப் பூங்காக் காவலாளி கையில் திணித்துவிட்டுத் திரும்பி ஓடினான். நெட்டையின் முதுகுக்கு வந்த அடி முட்டியின் தோளில் இறங்கியது.

"நீதானேடா வரச் சொன்ன!" மீசை கத்தியது தெருவுக்கே கேட்டது.

"ஆமா, நான்தான் சொன்னேன்." முட்டியால் நிமிர முடியவில்லை. "இப்பவும் நான்தான் சொல்றேன், போயிடு. ஆத்திரம் தீரலன்னா என்னை அடி."

"எவன்டா அது, பச்சப் புள்ளைங்க நடுவுல!" லாரிக்காரர் குதித்து இறங்கினார். மீசை குழாயைப் போட்டுவிட்டு எடுத்தான் ஓட்டம்.

குட்டிப் பெண் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, நீயா அவனைக் கூப்பிட்ட?"

குழாய் அடியைத் தாங்கியவனால் இதைத் தாங்க முடியவில்லை.

அறையில் தலைமையாசிரியை கேட்டார்: "தோள்ல என்ன வீக்கம்?"

"விழுந்துட்டான் டீச்சர்," என்றான் நெட்டை. அந்த அறையில் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"விழல டீச்சர். ஆள் வெச்சு இவனை அடிக்கப் பார்த்தேன்." முட்டி எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தான்.

அவர் மேசையிலிருந்த பெற்றோர் பட்டியலை எடுத்தார். "நாளைக்கு அந்தப் புள்ளைங்களப் பெத்தவங்க முன்னாடி நின்னு இதை அப்படியே சொல்லணும். மன்னிக்கறதும் துரத்தறதும் அவங்க இஷ்டம்."

"சொல்றேன் டீச்சர்." முட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சண்டை போடாதன்னு சொல்லாத ஆளில்ல. அடிச்சும் பார்த்தாங்க, திருந்தல. அந்தப் புள்ளைங்க என்னை நம்பிப் பின்னாடி வந்தாங்க பாருங்க, அப்பதான் உறைச்சுது. ஓங்கற கைய ஒடைக்க வேணாம் டீச்சர். நம்பி அதுல ஒரு பொறுப்பக் குடுத்தா போதும், அது தானா இறங்கிடும்."